விருந்துக்கு வந்த கூட்டம் எங்கே?

பணத்தைக் கொட்டிக் காதலை மீட்க நினைத்த ஒருவனின் கதை

அமெரிக்காவில், நியூயார்க் நகரை ஒட்டி நீளமான ஒரு தீவு இருக்கிறது. லாங் ஐலண்டு என்று பெயர். அதன் கடற்கரையில் ஒரு மாளிகை.

பொழுது சாய்ந்தால் போதும். தோட்டம் முழுவதும் வண்ண விளக்குகள் எரியும். மோட்டார் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். பாண்டு வாத்தியம் முழங்கும். ஆணும் பெண்ணும் கை கோர்த்து நடனம் ஆடுவார்கள். மது ஆறாக ஓடும்.

வெள்ளிக்கிழமைதோறும் நியூயார்க் பழக்கடையில் இருந்து 5 பெட்டி ஆரஞ்சும் எலுமிச்சையும் வந்து இறங்கும். அரை மணி நேரத்தில் 200 பழங்களைப் பிழியும் எந்திரம் ஒன்று சமையல் அறையில் இருந்தது. அப்படி ஒரு தடபுடல்!

வந்தவர்களுக்கு எல்லாம் அழைப்பு அனுப்பினார்களா? இல்லை. யார் வேண்டுமானாலும் வரலாம், சாப்பிடலாம், ஆடலாம், போகலாம். பலருக்கு வீட்டுக்காரனின் முகம்கூடத் தெரியாது.

அவன் பெயர் கேட்ஸ்பி.

அவன் வீட்டில் தின்றுகொண்டே அவனைப் பற்றி வம்பு பேசினார்கள். ஆளைக் கொன்றவன் என்றார்கள் சிலர். ஜெர்மானியரின் உளவாளி என்றார்கள் வேறு சிலர். உண்மை யாருக்கும் தெரியாது.

இது நடந்த கதை அல்ல, நாவல். எழுதியவர் ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு. "தி கிரேட் கேட்ஸ்பி" என்ற இந்த நாவல் 1925-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி வெளிவந்தது. நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்றும் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது இந்தக் கதையில்?

பச்சை விளக்கு

கதையைச் சொல்லுகிறவன் நிக் காரவே என்ற வாலிபன். முதல் உலகப்போரில் போர்முனைக்குப் போய் வந்தவன். நிதிப் பத்திரங்கள் விற்கும் வேலையில் சேர்ந்து, நியூயார்க்குக்கு வருகிறான். 1922-ம் ஆண்டு கோடை காலம். மாதம் 80 டாலர் வாடகைக்கு ஒரு சின்ன வீடு கிடைக்கிறது. அதற்கு அடுத்ததுதான் கேட்ஸ்பியின் மாளிகை.

ஒரு நாள் இரவு. நிக் தன் வீட்டு வாசலில் நிற்கிறான். பக்கத்து மாளிகையின் புல்வெளியில் கேட்ஸ்பி தன்னந்தனியாக நிற்பது தெரிகிறது. கடலைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டுகிறான். அவன் உடல் நடுங்குவது போல் இருக்கிறது.

அங்கே என்ன இருக்கிறது என்று நிக்கும் பார்க்கிறான். வளைகுடாவுக்கு அக்கரையில், ஒரு படகுத்துறையின் நுனியில், சின்னஞ்சிறு பச்சை விளக்கு. வேறு எதுவும் இல்லை.

அந்தப் படகுத்துறை டெய்சி என்ற பெண்ணின் வீட்டுக்குச் சொந்தம். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்காகவே கேட்ஸ்பி இந்த மாளிகையை வாங்கி இருந்தான். என்றாவது ஒரு நாள் அவளும் கூட்டத்தோடு கூட்டமாக வரமாட்டாளா என்றுதான் இத்தனை விருந்தும் நடத்தினான்!

பட்டாளத்துக் காதல்

1917-ம் ஆண்டு. கேட்ஸ்பி அப்பொழுது பட்டாளத்தில் லெப்டினன்ட். லூயிவில் என்ற ஊருக்கு அருகே இருந்த ராணுவ முகாமில் பயிற்சி பெற்றான். கையில் காசு இல்லை. ஆனால் ராணுவ உடுப்பு இருந்தது. உடுப்புக்குள் இருப்பவன் ஏழையா, பணக்காரனா என்பது யாருக்குத் தெரியும்?

அந்த ஊரின் பெரிய வீட்டுப் பெண் டெய்சி. வயது 18. அவள் வீட்டுக்குள் கேட்ஸ்பி காலடி வைத்தான். அத்தனை அழகான வீட்டை அவன் அதற்கு முன் பார்த்தது இல்லை. வீடும் செல்வமும் அந்தப் பெண்ணும் அவன் மனதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. காதல் பிறந்தது.

போர் அவனைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. போர் முடிந்த பிறகும் உடனே திரும்ப முடியவில்லை. டெய்சி காத்திருந்தாள். கடிதம் எழுதினாள். பிறகு காத்திருக்க அவளால் முடியவில்லை.

1919-ம் ஆண்டு ஜூன் மாதம் அவளுக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை டாம் புக்கனன். தலைமுறை தலைமுறையாகச் செல்வம் கொழித்த குடும்பத்தில் பிறந்தவன். கல்யாணத்துக்கு முதல் நாள் அவன் மணப்பெண்ணுக்குக் கொடுத்த முத்துமாலையின் விலை மூன்றரை லட்சம் டாலர்!

அன்று மாலை டெய்சி குடித்துவிட்டுப் படுக்கையில் கிடந்தாள். கையில் ஒரு கடிதம். கல்யாணம் வேண்டாம் என்று அழுதாள். தோழி அவளைக் குளிர்ந்த நீரில் உட்கார வைத்தாள். கடிதத்தை விடாமல் பிடித்திருந்தாள் டெய்சி. தண்ணீரில் ஊறிக் கடிதம் துண்டு துண்டானது. பிறகு முத்துமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல் டாமை மணந்தாள்.

ஜேம்ஸ் கேட்ஸ்

கேட்ஸ்பி என்பது அவனாக வைத்துக்கொண்ட பெயர். உண்மைப் பெயர் ஜேம்ஸ் கேட்ஸ். வடக்கு டக்கோட்டா என்ற மாநிலத்தில், பிழைக்கத் தெரியாத ஏழை விவசாயிக்குப் பிறந்தவன். வீட்டைவிட்டு வெளியேறி, ஏரிக்கரையில் மீன் பிடித்தும் கிளிஞ்சல் தோண்டியும் வயிறு வளர்த்தான்.

ஒரு நாள், தாமிரச் சுரங்கத்தில் பணம் சம்பாதித்த டான் கோடி என்ற செல்வரின் உல்லாசப் படகு அந்த ஏரியில் நங்கூரம் போட்டது. காற்று வீசப்போகிறது, படகு உடைந்துவிடும் என்று பையன் துடுப்புப் போட்டுப் போய் எச்சரித்தான். பெயர் என்ன என்று செல்வர் கேட்டார். ஜே கேட்ஸ்பி என்று சொன்னான். அந்த நிமிடத்தில் பழைய பையன் மறைந்தான்.

5 ஆண்டுகள் அந்தப் படகில் வேலை பார்த்தான். பணக்காரர்கள் எப்படி உடுத்துகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று கற்றுக்கொண்டான். செல்வர் சாகும்போது அவனுக்கு 25 ஆயிரம் டாலர் எழுதி வைத்தார். ஆனால் அதில் ஒரு காசுகூட அவன் கைக்கு வரவில்லை. சட்டத்தின் சந்து பொந்துகளில் அதை வேறு ஒருத்தி தட்டிக்கொண்டு போனாள்.

பட்டாளத்தில் இருந்து திரும்பியபோது அவனிடம் மாற்று உடைகூடக் கிடையாது. ராணுவ உடுப்போடு திரிந்தான். மூன்றே ஆண்டுகளில் மாளிகை வாங்கினான். எப்படி?

பணம் வந்த வழி

அப்பொழுது அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. 1920-ம் ஆண்டு வந்த சட்டம் 1933-ம் ஆண்டு வரை இருந்தது. மது காய்ச்சவும் விற்கவும் கூடாது. ஆனால் குடிப்பவர்கள் குடித்தார்கள். திருட்டுத்தனமாக விற்றவர்கள் கொள்ளை லாபம் அடித்தார்கள்.

கேட்ஸ்பியும் அதில் இறங்கினான். மருந்துக்கடைகளை வாங்கி, மருந்து விற்பதாகப் பெயர் பண்ணிச் சாராயம் விற்றான்.

அவனைக் கைதூக்கி விட்டவன் உல்ப்ஷைம் என்ற சூதாடி. 1919-ம் ஆண்டு பேஸ்பால் பந்தாட்ட இறுதிப்போட்டியில் சிகாகோ ஆட்டக்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு வேண்டும் என்றே தோற்றார்கள். இது உண்மையில் நடந்தது. 8 பேருக்கு ஆயுள் முழுவதும் ஆடக்கூடாது என்று தடை போட்டார்கள். அந்தச் சூழ்ச்சியைச் செய்தவன் உல்ப்ஷைம்தான் என்று நாவலில் வருகிறது.

ஆக, ஏழைப் பையன் நேர் வழியில் பணக்காரன் ஆகவில்லை. அவனுக்கு அவசரம். டெய்சி அக்கரையில் காத்திருக்கிறாள் என்று நினைத்தான்.

பணக்காரரிலும் இரண்டு சாதி

கேட்ஸ்பி வசித்த இடத்துக்கு வெஸ்ட் எக் என்று பெயர். டெய்சி இருந்த இடம் ஈஸ்ட் எக். எக் என்றால் முட்டை. இரண்டும் முட்டை வடிவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த நிலங்கள். இரண்டிலும் பணக்காரர்கள்தான். ஆனால் ஈஸ்ட் எக்கில் இருந்தவர்கள் பரம்பரைப் பணக்காரர்கள். வெஸ்ட் எக்கில் இருந்தவர்கள் நேற்றுப் பணம் பார்த்தவர்கள். முன்னவர்கள் பின்னவர்களை மதிக்கவில்லை.

கேட்ஸ்பி மாளிகையில் பெரிய நூலகம் உண்டு. ஆந்தைக் கண் போன்ற மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு விருந்தாளி அங்கே நுழைந்து ஆச்சரியப்படுகிறான். புத்தகங்கள் அட்டைப் பெட்டியாக இருக்கும் என்று எண்ணினானாம். எடுத்துப் பார்த்தால் உண்மைப் புத்தகம்! ஆனால் ஓரம் வெட்டப்படவில்லை. அந்தக் காலத்துப் புத்தகங்களின் தாள்கள் ஒட்டியபடி வரும். வாங்கியவர் கத்தியால் வெட்டிப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். கேட்ஸ்பி ஒரு பக்கமும் படிக்கவில்லை என்பது இதில் இருந்து தெரிகிறது.

சட்டைகளைப் பார்த்து அழுதாள்

டெய்சி நிக்குக்கு உறவுக்காரப் பெண். கேட்ஸ்பி கேட்டுக்கொண்டதன்பேரில் நிக் அவளைத் தேநீர் அருந்தத் தன் வீட்டுக்கு அழைக்கிறான். 5 ஆண்டுக்குப் பிறகு காதலர்கள் சந்திக்கிறார்கள்.

கேட்ஸ்பி அவளைத் தன் மாளிகைக்கு அழைத்துப் போகிறான். அலமாரியைத் திறந்து, இங்கிலாந்தில் இருந்து வரவழைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசுகிறான். பட்டு, லினன், பல வண்ணம். மேசைமேல் குவியல் ஏறுகிறது. டெய்சி அதில் முகத்தைப் புதைத்துத் தேம்பி அழுகிறாள். இவ்வளவு அழகான சட்டைகளை அவள் பார்த்ததே இல்லையாம்!

அழுதது சட்டைக்காகவா? கை நழுவிப்போன காதலனுக்காகவா? ஆசிரியர் சொல்லவில்லை. படிப்பவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

டெய்சி கெட்டவள் அல்ல. அவளுக்கும் துக்கம் உண்டு. கணவன் டாம் வேறு பெண்ணோடு தொடர்பு வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். பெண் குழந்தை பிறந்தபோது, இது ஒன்றும் அறியாத அசடாக வளர்ந்தால்தான் உலகில் நிம்மதியாக வாழும் என்று எண்ணி அழுதவள் அவள். ஆனால் வசதியை விட்டு ஒரு படி கீழே இறங்கும் துணிவு அவளுக்கு இல்லை.

கேட்ஸ்பியோ உண்மையான டெய்சியைப் பார்க்கவே இல்லை. 5 ஆண்டுகளாக மனதில் ஒரு பதுமை செய்து வைத்திருந்தான். எந்தப் பெண்ணாலும் அந்தப் பதுமையாக மாற முடியாது. போன காலம் திரும்பாது என்று நிக் சொன்னபோது, ஏன் திரும்பாது என்று சண்டைக்கு வந்தான்.

சாம்பல் மேடு

நியூயார்க்குக்கும் இந்த மாளிகைகளுக்கும் நடுவே ஒரு சாம்பல் மேடு. நகரத்து அடுப்புகளில் எரிந்த நிலக்கரிச் சாம்பலை அங்கே கொட்டினார்கள். இது கற்பனை அல்ல. குவீன்ஸ் பகுதியில் இப்படி ஓர் இடம் உண்மையில் இருந்தது. பிறகு அதைச் சமன் செய்து, 1939-ம் ஆண்டு அங்கே உலகக் கண்காட்சி நடத்தினார்கள். இப்பொழுது பெரிய பூங்காவாக இருக்கிறது.

அந்தச் சாம்பல் புழுதியில் கார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான் வில்சன். நோஞ்சான். ஏழை. அவன் மனைவி மிர்ட்டில். அவள்தான் டாமின் ஆசை நாயகி.

டாம் தன்னை இந்தப் புழுதியில் இருந்து தூக்கிவிடுவான் என்று அவள் நம்பினாள். அவன் அவளுக்கு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தான். டெய்சியின் பெயரை அவள் திரும்பத் திரும்பச் சொன்னபோது ஓங்கி அறைந்து மூக்கை உடைத்தான்.

காரை ஓட்டியது யார்?

கோடையின் கொடிய வெயில் நாள். நியூயார்க்கில் பிளாசா ஓட்டல் அறையில் எல்லோரும் கூடி இருக்கிறார்கள். கேட்ஸ்பி உண்மையைப் போட்டு உடைக்கிறான். டாமை ஒருபோதும் காதலித்தது இல்லை என்று டெய்சி தன் வாயால் சொல்ல வேண்டும் என்கிறான்.

டெய்சி தவிக்கிறாள். இருவரையுமே காதலித்தது உண்டு என்கிறாள்.

டாம் விடவில்லை. கேட்ஸ்பியின் சாராய வியாபாரத்தை அம்பலப்படுத்துகிறான். டெய்சியின் முகம் மாறுகிறது. கேட்ஸ்பியின் 5 ஆண்டுக் கனவு அந்த அறையிலேயே முடிந்தது.

இனிப் பயம் இல்லை என்று டாமுக்குத் தெரிந்துவிட்டது. கேட்ஸ்பியின் காரிலேயே வீட்டுக்குப் போகும்படி மனைவியை ஏளனமாக அனுப்புகிறான்.

மஞ்சள் நிறக் கார் சாம்பல் மேட்டைக் கடந்து வந்தது. அன்று பகலில் அந்தக் காரை டாம் ஓட்டிப் போனதை மிர்ட்டில் பார்த்திருந்தாள். உள்ளே இருப்பது டாம் என்று எண்ணிச் சாலைக்கு ஓடி வந்தாள். கார் அவள்மீது மோதியது. நிற்காமல் பறந்தது. மிர்ட்டில் அங்கேயே செத்தாள்.

காரை ஓட்டியவள் டெய்சி.

பழியைத் தானே ஏற்பதாக முடிவு செய்தான் கேட்ஸ்பி. டாம் அவளை அடிப்பானோ என்று பயந்து, அவள் வீட்டுக்கு வெளியே இருட்டில் காவல் நின்றான். உள்ளே சமையல் அறையில் கணவனும் மனைவியும் எதிர் எதிரே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு இருந்தார்கள். நடுவே ஒரு தட்டில் ஆறிப்போன கோழி வறுவல். டாமின் கை டெய்சியின் கைமேல் இருந்தது.

மறுநாள் வில்சன் துப்பாக்கியோடு டாமைத் தேடி வந்தான். கார் கேட்ஸ்பியுடையது என்று டாம் காட்டிக் கொடுத்தான். வில்சன் நேரே மாளிகைக்குப் போனான். நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டிருந்த கேட்ஸ்பியைச் சுட்டான். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான்.

இடுகாட்டில்

நிக் ஒவ்வொருவராக அழைத்தான். டாமும் டெய்சியும் ஊரைவிட்டே போய்விட்டார்கள். முகவரி கிடையாது. டெய்சியிடம் இருந்து ஒரு பூகூட வரவில்லை. இப்படிப்பட்ட விவகாரத்தில் தலையிட முடியாது என்று உல்ப்ஷைம் ஒதுங்கினான். மாதக்கணக்கில் அந்த மாளிகையிலேயே தங்கித் தின்ற ஒருவன் தொலைபேசியில் கூப்பிட்டான். இறுதிச் சடங்குக்கு வருவதற்காகவா? இல்லை. விட்டுப்போன தன் டென்னிஸ் செருப்பை அனுப்பும்படி கேட்டான்!

மழை பெய்தது. இடுகாட்டுக்கு வந்தவர்கள் நிக், பாதிரியார், சில வேலைக்காரர்கள், ஒரு தபால்காரர், கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த அந்த ஆந்தைக் கண்ணாடி விருந்தாளி. இவர்களோடு ஒரு கிழவர். அவர் கேட்ஸ்பியைப் பெற்ற தகப்பனார். செய்தித்தாளில் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தார்.

கிழவர் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். அதன் கடைசித் தாளில் சிறுவன் தன் கையால் எழுதிய கால அட்டவணை இருந்தது. காலையில் 6 மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிப் படிப்பது, பேச்சுப் பழகுவது, புகை பிடிக்காமல் இருப்பது, வாரம் 3 டாலர் சேமிப்பது, தாய் தகப்பனிடம் நல்லபடி நடப்பது. முதலில் 5 டாலர் என்று எழுதி, முடியாது என்று அடித்துவிட்டு 3 ஆக்கி இருந்தான்.

இந்த நாவலில் நெஞ்சை உலுக்கும் இடம் இதுதான். அந்தச் சிறுவனிடம் ஒரு குறையும் இல்லை. உழைக்கத் துடித்தான். முன்னேறத் துடித்தான். முன்னேற்றம் என்றால் பணக்காரனாக ஆவதுதான் என்று உலகம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. அவனும் நம்பினான்.

செத்தவர் யார்? பிழைத்தவர் யார்?

கதையில் செத்தவர்கள் மூன்று பேர்: மிர்ட்டில், கேட்ஸ்பி, வில்சன். மூன்று பேரும் பணக்காரக் குடும்பத்தில் பிறக்காதவர்கள்.

மனைவிக்குத் துரோகம் செய்தவன் டாம். காரை ஏற்றிக் கொன்றவள் டெய்சி. இரண்டு பேர் மேலும் ஒரு கீறல் விழவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார்கள். அவர்கள் உடைத்ததை எல்லாம் அள்ளிக் கொட்ட வேறு யாரோ இருந்தார்கள். கேட்ஸ்பியிடம் பணம் இருந்தது. ஆனால் தப்பு செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் வசதி பரம்பரைப் பணத்துக்கு மட்டுமே இருந்தது.

எழுதியவரும் பட்ட துன்பம்

பிட்ஸ்ஜெரால்டு 1896-ம் ஆண்டு மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரில் பிறந்தார். இளம் வயதில் சிகாகோவைச் சேர்ந்த ஜினேவ்ரா கிங் என்ற செல்வர் மகளைக் காதலித்தார். அவள் பணக்காரர் ஒருவரை மணந்துகொண்டாள்.

பட்டாளத்தில் இருந்தபோது, 1918-ம் ஆண்டு, நீதிபதி மகள் செல்டாவைச் சந்தித்தார். நிச்சயம் ஆயிற்று. ஆனால் இவருக்குப் போதிய வருமானம் இல்லை என்று 1919-ம் ஆண்டு செல்டா அதை முறித்துக்கொண்டாள். 1920-ம் ஆண்டு மார்ச் மாதம் இவருடைய முதல் நாவல் வெளிவந்து புகழ் குவிந்தது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 3-ந் தேதி, திருமணம் நடந்தது!

பணம் இல்லாவிட்டால் காதல் கைவிட்டுப் போகும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர் எழுதிய நாவல் இது.

நாவல் அப்பொழுது எதிர்பார்த்தபடி விற்கவில்லை. முதல் பதிப்பில் சுமார் 20 ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார்கள். அதே ஆண்டு மறுபடி அச்சிட்ட 3 ஆயிரம் பிரதிகளில் ஒரு பகுதி அவர் சாகும்போதும் கிடங்கில் கிடந்தது. 1940-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 44. தோற்றுப்போனவன் என்ற எண்ணத்தோடுதான் கண்ணை மூடினார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. போர்வீரர்கள் படிப்பதற்காகச் சட்டைப்பையில் அடங்கும் சின்னப் புத்தகங்களை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். கேட்ஸ்பியும் ஒரு லட்சத்துக்கு மேல் அச்சாகிப் போர்முனைக்குப் போனது. அதன் பிறகே நாடு இந்த நாவலைத் திரும்பிப் பார்த்தது. இதுவரை கோடிக்கணக்கான பிரதிகள் விற்றுவிட்டன. பலமுறை சினிமாவாக வந்தது. 2013-ம் ஆண்டு வந்த படத்தில் சூதாடி உல்ப்ஷைமாக நடித்தவர் நம் நாட்டு நடிகர் அமிதாப் பச்சன்!

2020-ம் ஆண்டோடு அமெரிக்காவில் இந்த நாவலின் பதிப்புரிமைக் காலம் முடிந்தது. இனி அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

பிள்ளைகள் முன்னுக்கு வரவேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் இல்லை. அந்த ஆசையில் தவறும் இல்லை. கால அட்டவணை எழுதிய சிறுவனுக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். விருந்துக்கு வருகிற கூட்டம் வேறு. மழையில் நனைந்தபடி இடுகாட்டுக்கு வருகிற மனிதர்கள் வேறு. பிந்தியவர்களைச் சம்பாதித்தவனே உண்மையில் பணக்காரன்.